சூளைப் பள்ளத்தில் ஒரு ஜிலேபி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6:50க்கு ஒரு ஜிலேபி மீன் (திலாப்பியா) மாட்டியது. வீட்டுத் தராசில் 310 கிராம். வடசென்னையில் மீன் தின்று வளர்ந்தவனுக்கு இது பெருமையடிக்கிற எடை இல்லை. மார்க்கெட்டில் கூறு போட்டு விற்கிற சைஸ்தான். ஆனால் இது மண்புழுவுக்கோ மைதா உருண்டைக்கோ வந்த மீன் இல்லை. 16ஆம் நம்பர் முள்ளில் (நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும்) கறுப்புத் தையல் நூலும் வெள்ளி ஜரிகையும் சுற்றி, நானே கட்டிய ஒரு சென்டிமீட்டர் பொய்ப் பூச்சிக்கு வந்தது. ஆடியில் ஆரம்பித்த வேலை பங்குனியில் முடிந்திருக்கிறது. எட்டு மாதத்தில் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மச்சான் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது தன்னுடைய பழைய ஃபிளை ராடு (பொய்ப் பூச்சி வீசுகிற தூண்டில்) ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். 9 அடி, 5 வெயிட் (வெயிட் என்பது அதில் போடுகிற லைனின் கனத்துக்கான எண்). சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோதான் கனம், அதுதான் தங்கூசி நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். இதில் அப்படியே தலைகீழ். பூச்சிக்கு எடையே கிடையாது, கனமெல்லாம் தடித்த லைனில் இருக்கிறது. 5 வெயிட் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் வரும். அதைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசி, நுனியில் இருக்கிற பூச்சியைத் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். வீசக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. மொட்டைமாடியில் பழகினேன், பக்கத்து வீட்டுக் கேபிள் வயரில் மூன்று முறை மாட்டினேன். அந்தக் கதை போதும்.

இடம், செங்குன்றம் தாண்டி சோழவரம் போகிற பக்கத்தில் ஒரு பழைய செங்கல் சூளைப் பள்ளம். மண் எடுத்து எடுத்துக் குழியாகி, மழைத் தண்ணீர் தேங்கி, இப்போது குளம் மாதிரியே ஆகிவிட்டது. புழல் ஏரி வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் அது ஊருக்கே குடிதண்ணீர். அதில் போய்த் தூண்டில் போட மனசு வரவில்லை. இந்தப் பள்ளத்தின் சொந்தக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். "எதுனா மாட்டுனா எனக்கும் ரெண்டு குடு" என்று சொல்லி விட்டுவிட்டார். உள்ளே முக்கால்வாசி ஜிலேபிதான். 1952இல் ஆப்பிரிக்க ஜிலேபியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், அதற்கப்புறம் அது நுழையாத குட்டை கிடையாது.

ராடுடன் வேண்டியது பூச்சி. ஆன்லைனில் 40 பூச்சி கொண்ட டப்பா ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். என் முதல் தப்பு இதுதான், பெரிய தப்பும் இதுதான். திறந்து பார்த்தால் நகைக்கடைப் பெட்டி மாதிரி அவ்வளவு அழகு. மேஃபிளை, கேடிஸ், ஸ்டோன்ஃபிளை என்று வகை வகையாக இறக்கையோடு நிமிர்ந்து நின்றன. எல்லாமே குளிர் நாட்டு ஓடை, ஆறுகளுக்காகக் கட்டியவை. மேஃபிளைக்கு மே மாதத்துப் பெயர் வந்ததே இங்கிலாந்து ஆறுகளில் அது கிளம்புகிற காலத்தை வைத்துத்தான். ஸ்டோன்ஃபிளைக்கு ஆக்சிஜன் நிறைந்த குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரன் விட்ட டிரவுட் மீன் இருக்கிற ஓடைக்கு வேண்டுமானால் இந்த டப்பா பொருந்தும். முப்பது டிகிரிக்குக் காய்ந்து கிடக்கிற சூளைப் பள்ளத்து ஜிலேபிக்கு ஸ்டோன்ஃபிளையைக் காட்டுவது, இட்லிக் கடைக்குப் போய் சீஸ் கேட்கிற மாதிரி.

அது எனக்கு அப்போது தெரியவில்லை. ஆடி முழுக்க அந்த அழகுப் பூச்சிகளை வீசிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், மீன் கண்ணெதிரே மேய்ந்துகொண்டிருந்தது. ஆறு மணி தாண்டியதும் தண்ணீர்மேல் வட்டம் வட்டமாக அலை எழும்பும். நூறு இடத்தில் வாய் திறக்கிறது, என் பூச்சி இருக்கிற இடத்தில் மட்டும் திறக்கவில்லை. எதிர்க்கரையில் மூங்கில் கழியும் மயில் தண்டுத் தக்கையுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் மைதா உருண்டையில் ஒரு மணி நேரத்தில் எட்டு பத்து எடுத்துவிடுவார்.

எதையோ தின்கின்றன, அது என்ன என்று பார்க்காமல் வீசிப் பிரயோஜனமில்லை. இங்கேதான் இந்த ஃபிளை ஃபிஷிங் ஆட்கள் சொல்கிற "ஹேட்ச்" வருகிறது. பெயரைக் கேட்டால் முட்டை பொரிப்பது என்று தோன்றும், விஷயம் அது இல்லை. தண்ணீருக்கடியில் புழுவாகவோ இளம்பூச்சியாகவோ கிடந்தது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கூட்டமாக மேலே வந்து தோலை உரித்துப் பறந்துபோகிறதே, அதுதான் ஹேட்ச். மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்புமே, அந்த மாதிரி. இது மண்ணுக்குப் பதில் தண்ணீரிலிருந்து. ஈசல் கிளம்பும்போது காக்காயும் பல்லியும் எப்படித் திருவிழா கொண்டாடுமோ, அப்படித்தான் மீனுக்கும்.

எங்கள் பக்கத்தில் ஏரி, குட்டைக்கு அருகே இருக்கிறவர்களுக்கு இந்தக் கூட்டம் நன்றாகவே தெரியும், பெயர்தான் தெரியாது. விளக்கு வைத்ததும் டியூப்லைட்டைச் சுற்றி மொய்க்கும், காலையில் ஜன்னல் கட்டையில் குப்பையாகச் செத்துக் கிடக்கும். எல்லோரும் அதைக் கொசு என்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது தப்பு அங்கே விழுந்தது.

கொசு என்றால் கொசுப் பியூப்பா (புழுவுக்கும் பறக்கிற கொசுவுக்கும் நடுப்பருவம்) மாதிரி கட்டினால் போதும் என்று முடிவு செய்து, மொட்டைமாடி சிமென்ட் தொட்டியிலிருந்து நாலைந்தைப் பிடித்துக் கண்ணாடி டம்ளரில் விட்டுப் பார்த்தேன். கமா புள்ளி மாதிரி பெரிய தலை, சுருண்ட வால், தலையில் இரண்டு குழல். நிழல் பட்டால் குட்டிக்கரணம் அடித்துக் கீழே போகும். அதைப் பார்த்து ஆறு கட்டினேன். ஆவணி பூராவும் வீசியதில் ஒரு கடி இல்லை. காரணம் சொன்னால் சிரிப்பு வரும். மீன் இருக்கிற திறந்த தண்ணீரில் கொசுப் பியூப்பா பிழைக்கவே பிழைக்காது. அது மூச்சுக்காக மேலேயே தொங்குகிற ஜென்மம், வந்த அன்றே காலி. அதனால்தான் அது தொட்டியிலும் டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் குடியிருக்கிறது. பள்ளத்து ஜிலேபிகளில் பாதி அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது.

புரட்டாசியில்தான் உருப்படியான ஒன்றைச் செய்தேன்: வலை. மாவு சலிக்கிற பழைய சல்லடை வளையத்தில் கொசுவலைத் துணியைக் கட்டி, நாலு அடி மூங்கிலில் இறுக்கினேன். கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்று, அடிச்சேற்றைக் காலால் கலக்கி, அந்தக் கலங்கலில் வலையை ஓட்டினேன். வந்ததை வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் கொட்டி இரண்டு விரல் தண்ணீர் விட்டேன். வெள்ளைத் தட்டு முக்கியம். எவர்சில்வர் தட்டில் பளபளப்பில் ஒன்றும் தெரியாமல் முதல் நாள் வீணாகப் போனது.

ஐந்து நிமிஷம் தட்டை ஆட்டாமல் வைத்தால் சேறு அடங்கி, உயிருள்ளது மட்டும் நகரும். தும்பியின் இளம்பூச்சி இரண்டு, ஊசித்தும்பியுடையது ஏழு. மல்லாந்து நீந்துகிற படகுப்பூச்சி கொஞ்சம். மூன்று வாலுள்ள சின்ன மேஃபிளை இளம்பூச்சி நாலே நாலு; ஆக, நம் ஊரிலும் அது இருக்கத்தான் செய்கிறது. நத்தை ஏராளம். மற்றதெல்லாம் சிவப்புப் புழு. நூல் கனம், ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளே, எட்டு எட்டாக நெளிகிறது. அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அதை ஒரு பாட்டிலில் போட்டுக் கொளத்தூருக்கு எடுத்துப்போனேன். அங்கே வண்ணமீன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பிளட் வார்ம், தம்பி. இதைத்தான் ஃபிரீசர்ல கியூப் கியூப்பா வெச்சு விக்கிறோம். நீ சும்மாவே அள்ளிட்டு வந்துட்ட" என்றார். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி இந்த ஒரு நிமிஷப் பேச்சுதான். பிளட் வார்ம் என்பது கைரோனமிட் என்ற மிட்ஜ் பூச்சியின் புழு. நம் ரத்தத்தில் இருக்கிற மாதிரி ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு, சிவப்பு அதனால்தான். காற்றே இல்லாத சேற்றிலும் அதை வைத்துச் சமாளித்துவிடும். டியூப்லைட்டில் மொய்க்கிற "கொசு" இதனுடைய பெரிய அவதாரம். அது கடிக்காது.

அன்று ராத்திரி வீட்டுச் சுவரில் சோதித்தேன். நிஜக் கொசு உட்கார்ந்தால் பின்னங்கால்களைத் தூக்கிக்கொள்ளும், மிட்ஜ் முன்னங்கால்களைத் தூக்கிக்கொள்ளும். கொசுவுக்குக் குத்துகிற ஊசி நீளமாக நிற்கும், மிட்ஜுக்கு அது இல்லை. ஆண் மிட்ஜுக்கு மட்டும் மீசை இரண்டும் இறகுத்தூரிகை மாதிரி புசுபுசுவென்று இருக்கும். பதினான்கைப் பார்த்ததில் கொசு ஒன்று, மிட்ஜ் பதின்மூன்று. அந்த ஒன்றும் கடித்துவிட்டுத்தான் போனது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் வழிந்து கரையே தெரியவில்லை. வேலை நின்றது. தை பிறந்ததும் இரண்டாவது கட்டம்: எத்தனை மணிக்குக் கிளம்புகிறது?

இதற்கு மிதக்கும் கூண்டு ஒன்று கட்டினேன். அரை இஞ்ச் பிவிசி பைப்பில் 50க்கு 50 சென்டிமீட்டர் சதுரம், அதாவது கால் சதுர மீட்டர். அதன்மேல் பழைய குடைக் கம்பி நாலை வளைத்துக் கோபுரம் மாதிரி நிறுத்தினேன். சுற்றி வெள்ளைக் கொசுவலைத் துணி, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மீட்டர் 70 ரூபாய். உச்சியில் அடியை வெட்டிய தண்ணீர் பாட்டில்; அதன் வாயில் இன்னொரு பாட்டிலைத் தலைகீழாகச் செருகினேன். தண்ணீரிலிருந்து கிளம்பும் பூச்சி மேல்நோக்கி வெளிச்சத்துக்குப் போகும், பாட்டிலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். தத்துவம் அவ்வளவுதான்.

முதல் கூண்டு பத்து நிமிஷத்தில் மூழ்கியது. எல்போக்களைக் கையால் அழுத்திச் செருகிவிட்டுப் பசை போடாமல் விட்டிருந்தேன். பைப்புக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பசை போட்டு மறுபடி விட்டேன். அடுத்த நாள் மிதந்தது, எருமை வந்தது. மிகைப்படுத்தவில்லை, பள்ளத்தில் ஊறிக்கொண்டிருந்த எருமை ஒன்று எழுந்து நேராகக் கூண்டுக்குள் தலையை விட்டு, கோபுரத்தைக் கிரீடம் மாதிரி சுமந்துகொண்டே கரையேறியது. மேய்க்கிற பையன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது கூண்டுக்கு இரண்டு செங்கல்லை நங்கூரமாகக் கட்டி, எருமை வராத மேற்கு மூலையில் இறக்கினேன்.

அரை மணிக்கு ஒரு தடவை பாட்டிலை மாற்றி எண்ணினேன். மாசி மாதத்தில் ஒரு நாள் கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது: ஐந்திலிருந்து ஐந்தரை வரை 2. ஐந்தரையிலிருந்து ஆறு வரை 3. ஆறிலிருந்து ஆறரை வரை 19. ஆறரையிலிருந்து ஏழு வரை 41. ஏழிலிருந்து ஏழரை வரை 12. எட்டு மணிக்கு மேல் தேடிப்பிடித்தாலும் ஒன்று இரண்டுதான். இன்னும் நாலு நாள் பார்த்தேன், எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் உச்சம் அந்த ஆறரை ஏழுக்குள்ளேயே விழுந்தது. சூரியன் மறைந்து, தெருவிளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்பின்னான நேரம். புத்தகங்களில் வருகிற மே, ஜூன் கணக்கெல்லாம் குளிர் நாட்டுக்கு. அங்கே வருஷத்துக்கு ஒரு தலைமுறை இரண்டு தலைமுறை என்றால், இந்தச் சூட்டில் சில வாரங்களிலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். இங்கே பார்க்க வேண்டியது காலண்டரை இல்லை, கடிகாரத்தை.

ஆனால் கூண்டு ஒரு விஷயத்தில் ஏமாற்றும். பறந்து தப்பித்த பூச்சியைத்தான் அது காட்டுகிறது. மீன் தின்றது எது என்பதை டீ வடிகட்டிதான் சொன்னது. கூண்டை எடுக்கப் போகும்போது மேற்குக் கரையோரத்தில் தவிடு மாதிரி ஏதோ மிதப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூசி என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் சும்மா டீ வடிகட்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் உதறினால், அத்தனையும் தோல். மிட்ஜ் பியூப்பா உரித்துப் போட்ட சட்டை. கண்ணாடித்தாள் மாதிரி, முதுகில் நெடுகக் கிழிந்து, காலி. கூண்டுக்குள் ஒரு சாயங்காலம் முழுக்க நான் பிடித்தது 77. வடிகட்டியில் ஒரே அள்ளலில் அதற்கு மேல் இருந்தது.

ஏன் மேற்குக் கரை? யோசித்தால் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். மேலே மிதக்கிற எதையும் மேற்கே தள்ளிக்கொண்டு போகும். தோல் அங்கே ஒதுங்குகிறது என்றால், மேலேறி முழுசாக உரிக்க முடியாமல் தொங்குகிற பியூப்பாவும் அங்கேதான் ஒதுங்கும். நான் ஆடியிலிருந்து நின்று வீசிய இடம் கிழக்குக் கரை. வண்டி நிறுத்த வசதியாக இருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் கிடையாது. பெரியவர் உட்கார்ந்திருந்தது எதிர்க்கரை என்று மேலே சொன்னேனே, அது இந்த மேற்குக் கரைதான்.

நான் வடிகட்டியோடு குனிந்திருப்பதைப் பார்த்து அவர் கேட்டார்: "இன்னா நைனா, மீனு புடிக்க வந்தியா, கொசு புடிக்க வந்தியா?"

"ரெண்டும்தான் தாத்தா. நீங்க ஏன் எப்பவும் இந்தக் கரையில உக்காருறீங்க?"

"காத்து இங்க தள்ளுது, தீனி இங்க ஒதுங்குது. மீனு எங்க போவும்?"

முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்ததை நான் பிவிசி பைப் வாங்கிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அடுத்து, பியூப்பாவை உயிரோடு பார்க்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வலையை அடியில் ஓட்டாமல், மேல்தண்ணீருக்கு ஒரு சாண் கீழே மெதுவாக இழுத்தேன். பதினொன்று கிடைத்தன. ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதே தண்ணீரை விட்டுக் கரையில் வைத்து, பின்னால் ஒரு வெள்ளை அட்டை நிறுத்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்து உட்கார்ந்தேன்.

கொசுப் பியூப்பா மாதிரி மொண்ணையான உருண்டைத் தலை இல்லை. ஒல்லி. மார்புப் பக்கம் மட்டும் பருத்து, கறுப்பாக, அதில் லேசான ஆரஞ்சு. தலையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இரண்டு கொத்து, செவுள். வயிறு வளையம் வளையமாக. அடியிலிருந்து உடம்பை ஆட்டி ஆட்டி ஏறும், களைத்து நிற்கும், கொஞ்சம் கீழே இறங்கும், மறுபடி ஏறும். மேல்தோல் மாதிரி இருக்கிற தண்ணீர்ப் பரப்பை எட்டியதும் நேராகத் தொங்கும். அங்கேதான் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒன்று தொங்க ஆரம்பித்தபோது போனில் ஸ்டாப்வாட்ச் போட்டேன். நாலு நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் உடம்பு பூராவும் திடீரென்று வெள்ளி மாதிரி மின்னியது. பழைய தோலுக்கும் உள்ளே இருக்கிற பூச்சிக்கும் நடுவில் காற்று நிரம்புகிறது, அதுதான் அந்த மினுக்கு. முதுகு மட்டமாகி, பரப்போடு ஒட்டி, நடுவில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டிலிருந்து தோள், தலை, மடிந்த கால்கள் என்று வரிசையாக உருவிக்கொண்டு வந்தது. கோடு விழுந்ததிலிருந்து மொத்தம் 18 விநாடி. தன் சட்டையின் மேலேயே படகில் நிற்கிற மாதிரி ஒரு கணம் நின்றது, போய்விட்டது. பாட்டிலில் தோல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசி பதினெட்டு விநாடியை மீனுக்குக் கொடுப்பதில்லை அது. முந்தின நாலு நிமிஷம்தான் மீனுக்கு. நான் அதுவரை வீசியதெல்லாம் இறக்கை விரித்து மேலே நிற்கிற பூச்சி. ஜிலேபி தின்றுகொண்டிருந்தது மேலே வந்து, கிளம்பமுடியாமல், ஆடாமல் தொங்குகிற பியூப்பாவை. அலை வட்டம் மேலே தெரிந்ததால் மேலே இருப்பதைத்தான் தின்கிறது என்று நினைத்துவிட்டேன். வாய் பரப்புக்குக் கீழே திறக்கிறது, முதுகு பரப்பை உரசுகிறது, அவ்வளவுதான்.

சரி, கட்டுகிற வேலை. முள்ளைப் பிடிக்கிற வைஸ் விலை கேட்டால் மயக்கம் வரும். பாரிமுனையில் 180 ரூபாய்க்கு ஒரு பின் வைஸ் வாங்கி, மேஜை ஓரத்தில் ஜி கிளாம்ப் போட்டுக் கட்டினேன். நூல் சுற்றும் பாபின் வீட்டுத் தையல் மெஷினுடையது. நூல் வழிய ரீஃபில் குழாய் செருகினேன். பித்தளை ரீஃபிலின் விளிம்பு நூலை அறுத்தது, நாலு பூச்சி பாதியில் அவிழ்ந்தது. காது குடைகிற பட்ஸின் பிளாஸ்டிக் தண்டை வெட்டிப் போட்டதும் சரியானது. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

வியாசர்பாடியில் மோட்டார் வைண்டிங் செய்கிற நண்பனிடம் 38 கேஜ் தாமிரக் கம்பி வாங்கினேன், 0.15 மில்லிமீட்டர். பியூப்பாவின் வயிற்று வளையத்துக்கு இது அச்சு அசல். முதலில் 30 கேஜ் கொடுத்தான். அந்தக் கனத்தில் பூச்சி கல் மாதிரி முங்கியது. உடம்புக்குக் கறுப்பு பாலியஸ்டர் தையல் நூல். அந்த வெள்ளி மினுக்குக்கு, எம்.சி. ரோட்டில் ஃபால்ஸ், ஜாக்கெட் துணி விற்கிற கடையில் 30 ரூபாய் ஜரிகைக் கண்டு. மார்புக்கு மயிலிறகின் ஒரு இழை, கந்தகோட்டம் கோயிலுக்குப் போன அம்மா வாங்கி வந்து ஜாடியில் செருகி வைத்திருந்ததிலிருந்து. கேட்காமல் எடுத்தேன். செவுளுக்கு வெள்ளைக் கம்பளி நூலைப் பிரித்து இரண்டு மில்லிமீட்டர்.

கட்டி முடித்து உடம்புக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. இதிலும் ஒரு கூத்து. சில பூச்சிகள் பரப்பிலேயே தொங்க வேண்டும் என்று தலையில் சின்ன தெர்மகோல் உருண்டை வைத்துக் கட்டியிருந்தேன். நெயில் பாலிஷ் பட்டதும் தெர்மகோல் சர்க்கரைப் பாகு மாதிரி கரைந்து ஓடியது. பன்னிரண்டும் போச்சு. தேய்ந்த ஹவாய் செருப்பின் மேல்தட்டில் பிளேடால் மெல்லியதாக அரிந்த துண்டு அந்த வேலையைச் செய்தது. அது கரையவில்லை, முங்கவும் இல்லை.

பங்குனி முதல் வாரம் மூன்று சாயங்காலம் போனேன். தென்மேற்கு மூலையில் நின்றேன். முழு மேற்குக் கரையில் நின்றால் காற்று முகத்தில் அடித்து லைன் திரும்பி வருகிறது. தவிர, கிழக்கே பார்த்து நின்றால் இருட்டுத் தண்ணீரில் லைன் நுனி தெரியாது. மூலையில் நின்று வடமேற்காகப் பார்த்தால் மிச்ச வெளிச்சம் தண்ணீரில் விழும். லீடரின் (தடித்த லைனையும் பூச்சியையும் இணைக்கிற மெல்லிய நைலான் நூல்) கடைசி 30 சென்டிமீட்டரை விட்டுவிட்டு மீதிக்கு வாசலின் தடவினேன். நூல் மிதக்கும், பூச்சி ஒரு அடி கீழே தொங்கும். முந்தின வாரம் வாசலினுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். தண்ணீர்மேல் வானவில் மாதிரி படலம் விரிந்து அந்த இடத்தையே மீன் விட்டுப் போனது.

முதல் நாள் இரண்டு கடி, இரண்டும் தவறின. பழக்க தோஷத்தில் லைனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மழைத்தூறல், ஹேட்ச்சே சரியாக இல்லை. மூன்றாம் நாள் செவ்வாய். 6:40க்கு வட்டங்கள் ஆரம்பித்தன. வீசினேன், கையைக் கட்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். ஒன்றும் செய்யாமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் போனது. லைன் நுனி அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தது, காற்று போகிற திசைக்கு எதிராக. ராடைத் தூக்கினேன், கனத்தது.

பெரியவர் எழுந்து வந்து, மீனைப் பார்க்கவில்லை, அதன் வாயோரத்தில் இருந்த பூச்சியைக் குனிந்து பார்த்தார். "இத்தயா துன்னுச்சு?" என்றார். அப்புறம், "நூலாப்பா இது?"

வீட்டில் அம்மா, "இந்த ஒண்ணுக்கா எட்டு மாசம்?" என்று கேட்டுவிட்டு அரிவாள்மணையை எடுத்தார். குடலை மட்டும் நான் வாங்கிக்கொண்டு வெள்ளைத் தட்டில் பிரித்தேன். ஜிலேபிக் குடல் ஒல்லியாக, சுருள் சுருளாக, கை நீளத்துக்கு மேல் வந்தது. பெரும்பகுதி பச்சைப் பாசிக் குழம்பு. இரைப்பைப் பக்கத்தில் மட்டும் கறுப்பு மார்பும் வளைய வயிறும் அப்படியே தெரிகிற பியூப்பாக்கள், முழுசாக எண்ண முடிந்தது 23. இறக்கை விரித்த பூச்சி ஒன்றுகூட இல்லை.

செலவு: கூண்டுக்கு 358 (பைப் 130, எல்போ நாலு 48, துணி இரண்டு மீட்டர் 140, பசை 40). கட்டுகிற சாமான் 445, இதில் 90 ரூபாய் ராயபுரத்தில் வாங்கிய 25 முள் பாக்கெட். டீ வடிகட்டி 40. லீடருக்கு 0.16 மில்லிமீட்டர் நைலான் 150. ஆக 993. அந்த 1,450 ரூபாய் டப்பா தனி, அதில் 31 பூச்சி இன்னும் இருக்கிறது; யாராவது ஊட்டிப் பக்கம் போனால் கேளுங்கள், தருகிறேன்.

மறுபடி ஆரம்பித்தால் கூண்டே கட்டமாட்டேன். 40 ரூபாய் வடிகட்டியும் வெள்ளைத் தட்டும் முதல் நாளே எடுத்துப் போவேன். தோலைப் பார்த்தால் எந்தப் பூச்சி, என்ன சைஸ், எந்தக் கரை மூன்றும் தெரிந்துவிடுகிறது. மணி மட்டும்தான் கூண்டு சொன்ன கூடுதல் தகவல், அதுவும் வீட்டு டியூப்லைட்டைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். முள் 16ஐவிட 18 சரியாக இருக்கும் என்று தோல்களை அளந்தால் படுகிறது. பாதிக்கு மேல் எட்டு மில்லிமீட்டர்தான். 18க்கு அந்தக் கறுப்பு நூல் தடிமன் அதிகம், பிரித்து ஒற்றை இழையாகச் சுற்ற வேண்டும்.

அடுத்தது தும்பி. அது நடுத்தண்ணீரில் தொங்குவதில்லை. இளம்பூச்சி கரையோரக் கோரையில் ஏறி நின்று தோல் உரிக்கிறது. நேற்று காலையில் போய்க் கோரைத் தண்டுகளை எண்ணினேன், ஆறு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்று இன்னும் ஈரமாக. மீன் அதைப் பிடிக்க வேண்டுமானால் கரைக்கு நகர்ந்து வருகிற வழியில்தான் பிடிக்க வேண்டும். அதற்கு 8ஆம் நம்பர் முள் தேவை. ஹவாய் செருப்பில் இன்னொரு கால் மிச்சமிருக்கிறது.